முள்ளந்தண்டும் மனித வழக்கமும்

தமிழ் மொழியில் மனிதனுடைய உடலின் நிலையைக் குறிக்கும் சொற்கள் பல, அவனுடைய மதிப்பையும் மனப்பாங்கையும் குறிக்கும் சொற்களாகவும் வழங்குகின்றன. மானம் இழந்தவன் தலை குனிந்தான் என்பர். பெருமை பெற்றவன் தலை நிமிர்ந்தான் என்பர். போர்க்களத்தை விட்டு ஓடியவன் புறமுதுகு காட்டினான். பிறர் விருப்பத்துக்கு இணங்குபவன் வளைந்து கொடுக்கின்றான். முள்ளந்தண்டானது உடலைத் தாங்கும் தூணாக இருப்பதோடு, மனிதர் ஒருவரோடொருவர் வாய் திறவாமற் பேசும் மொழிக்குக் கருவியாகவும் இருக்கின்றது என்பதற்கு இவ்வழக்குகளே சான்றாகும்.

அந்த முள்ளந்தண்டைப் பற்றிய சமூக வழக்கங்களுட் சில, உயிருக்கும் உறுப்புக்கும் கேடு விளைப்பனவாக இருக்கின்றன. அவற்றுள் இரண்டு முக்கியமானவை. அசைக்கக் கூடாதவனை அவசரப்பட்டு அசைப்பது ஒன்று. அசைய வேண்டியவனை அன்பினால் அசையாமற் கிடத்துவது மற்றொன்று. இரண்டும் நல்ல உள்ளத்திலிருந்தே பிறக்கின்றன. ஆதலாற்றான் அவற்றைத் திருத்துவது எளிதாக இல்லை.

முள்ளந்தண்டு ஒரே எலும்பன்று. கழுத்தில் 7, நெஞ்சறையில் 12, நாரியில் 5, திருவென்பில் இணைந்தவை 5, குயிலலகில் இணைந்தவை ஏறத்தாழ 4 என, 33 முள்ளென்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பெற்ற கோவை அது. நெடுங்கழுத்துடைய ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்தில் 7 என்புகளே உள்ளன என்பது வியப்புக்குரியது. அசையும் என்புகளுக்கிடையே, நடுவில் மென்மையும் புறத்தில் நார் வலிமையும் பொருந்திய தட்டுகள் அமைந்திருக்கின்றன. என்புகளின் பின்புறத்து வளையங்கள் ஒன்றோடொன்று பொருந்தி ஒரு குழாய்போல் ஆகின்றன. அக்குழாயினுள்ளே, மூளையிலிருந்து இறங்கி வரும் முண்ணாண் பாதுகாப்பாகக் கிடக்கின்றது. சுண்டுவிரல் அளவேயான அந்நாண் வழியாகவே கை கால்களுக்குக் கட்டளை செல்கின்றது. தொடுகையும் வெப்பமும் வலியும் மூளைக்கு எட்டுகின்றன. என்பு முறிந்தால் பொருந்தும். தசை கிழிந்தால் ஆறும். முண்ணாண் அறுந்தால் அதனை மீண்டும் இணைத்துப் பழையபடி இயங்கச் செய்யும் வழியை மருத்துவம் இன்றளவும் கண்டிலது. இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டாற்றான் பின்னே கூறப்படுவன தெளிவாகும்.

மனிதன் நிற்பதும் நடப்பதும் இருப்பதும் இயற்கையாக வருவன என்றே பலரும் எண்ணுவர். பிரான்சு நாட்டு அறிஞர் மார்செல் மோஸ் என்பவர் 1934ஆம் ஆண்டில் நிகழ்த்திய ஒரு சொற்பொழிவில் அக்கருத்தை மறுத்தார். நியூயோர்க் நகரில் நோயுற்றுக் கிடந்தபோது, தாதியரின் நடையை எங்கேயோ கண்டதுண்டு என்று அவருக்குத் தோன்றியது. அது சினிமாப் படங்களிற் கண்ட நடை என்பதைப் பின்னர் உணர்ந்தார். பிரான்சுக்குத் திரும்பியபோது பாரிஸ் நகரத்து இளம்பெண்களும் அதே நடையைப் பயின்றிருப்பதைக் கண்டார். முதலாம் உலகப் போரில், ஆங்கிலப் படையினரால் பிரெஞ்சு மண்வெட்டிகளைக் கொண்டு பள்ளந்தோண்ட இயலாமையால், படைப்பிரிவு மாறுந்தோறும் 8,000 மண்வெட்டிகளை மாற்ற வேண்டி நேர்ந்தது என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். உடலைக் கையாளும் முறையும் மொழியைப் போலவே சமூகத்திடமிருந்து கற்றுக்கொள்ளப்படுவது என்பதே அவருடைய துணிபு.

1955ஆம் ஆண்டில் அமெரிக்க மானிடவியலாளர் கோர்டன் ஹியூஸ் உலக மக்களின் இருக்கை முறைகளைத் தொகுத்து ஆராய்ந்தார். மனிதன் நிலையாகக் கொள்ளக்கூடிய உடல்நிலைகள் ஏறத்தாழ 1,000 உண்டு என்றும், மனிதகுலத்தில் நாலில் ஒரு பங்கினராவது குந்தியிருந்தே ஓய்வு கொள்ளவும் வேலை செய்யவும் பழகியவர்கள் என்றும் அவர் எழுதினார். சம்மணங்கோலி இருப்பவன் ஒருவன். முழந்தாளிட்டு இருப்பவன் இன்னொருவன். நாற்காலியன்றி அமரத் தெரியாதவன் வேறொருவன். இவற்றுள் எதுவும் பிறழ்ச்சியன்று.

ஆயின், சமூகம் ஒருவனுக்கு உடல்நிலையைக் கற்பிப்பதோடு நில்லாது, அதை விட்டு அசையக் கூடாதென்றும் விதித்துவிடுகின்றது. பெரியோர் முன்னிலையில் அசையாமல் நிற்பது பணிவு எனப்படுகின்றது. வகுப்பறையில் அசையாமல் இருக்கும் மாணவனே ஒழுக்கமுள்ளவன் எனப் பாராட்டப்படுகின்றான். ஒரு பாடவேளை 40 நிமிடம். அத்தகைய பாடவேளைகள் பல அடுத்தடுத்து வருகின்றன. அலுவலகத்தில் மேசையை விட்டு எழுபவன் வேலையில் ஊக்கமற்றவன் என்று கருதப்படுகின்றான். கூட்டத்தில் எழுந்து நிற்பது அவைக்கு அவமதிப்பு. இவ்வாறு மரியாதை என்பது அசைவின்மையோடு பிணைக்கப்பட்டுவிட்டது. தசைக்கும் தட்டுக்கும் இம்மரியாதை தெரியாது. ஒரே நிலையில் நெடுநேரம் இறுகியிருக்கும் தசை களைத்து வலிக்கின்றது.

அவ்வாறாயின் சரியான இருக்கை எது? சுவீடன் நாட்டு மருத்துவர் அல்ஃப் நாச்செம்சன், 1960களில், உயிருள்ள மனிதரின் நாரித் தட்டுக்குள் ஊசியைச் செலுத்தி அங்குள்ள அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட இருக்கும்போது அழுத்தம் கூடுதலென்றும், முன்வளைந்து பாரந்தூக்கும்போது அது மிகப் பெரிதாகின்றதென்றும் கண்டார். அதன் பின்னர் விறைப்பாக நிமிர்ந்திருக்க வேண்டும் என்ற போதனை எங்கும் பரவியது. ஆனால் 1999ஆம் ஆண்டில் ஜேர்மனியில் வெளியான ஓர் அளவீடு, தளர்ந்து சாய்ந்திருப்பதால் அழுத்தம் கூடிவிடுவதில்லை என்று காட்டிற்று. இன்று இத்துறையினர் பலரும் கொண்டுள்ள கருத்து, எல்லார்க்கும் பொருந்தும் ஒரே நேரிய இருக்கை என ஒன்றில்லை என்பதாகும். ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு அடிக்கடி மாறுவதே நன்று. பாடவேளைக்கு ஒருமுறை மாணவரை எழுந்து நிற்கச் செய்யும் ஆசிரியர், ஒழுக்கத்தைக் குலைப்பவரல்லர்.

கைத்தொலைபேசியைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறுதல் வேண்டும். பஸ் வண்டியிலும் திருமண வீட்டிலும் தலை குனிந்திருக்கும் கூட்டத்தை இன்று எங்கும் காணலாம். பெரியோர் முன் குனியாத தலையும் அச்சிறு கருவிக்கு முன் குனிகின்றது. மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோகிராம். கழுத்தை 60 பாகை முன்வளைத்தால் கழுத்தென்புகள் தாங்கும் விசை 27 கிலோகிராம் அளவாகும் என்று 2014ஆம் ஆண்டில் அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் கணித்தார். அவ்வெண் உலகெங்கும் பரவி அச்சத்தை விளைத்தது. அது கணினி மாதிரியொன்றிற் பெற்ற கணக்கு. நோயாளிகளை ஆராய்ந்து பெற்ற முடிவன்று. பின்னர் நிகழ்ந்த ஆய்வுகளோ, குனிவதுதான் கழுத்து வலிக்குக் காரணம் என்பதில் ஒருமித்த முடிவைத் தரவில்லை. ஆகவே அஞ்சத்தக்கது குனிவு அன்று, மணிக்கணக்காக நிமிராதிருப்பதே.

இருக்கையைவிடப் பெரிய சுமை, உழைப்பாளியின் சுமையாகும். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிற் கொழுந்து பறிக்கும் பெண்கள், கூடையின் கயிற்றை உச்சந்தலையில் மாட்டி, முதுகிற் பாரத்தைத் தொங்கவிட்டுச் சரிவில் ஏறி இறங்கிய காட்சி, தேயிலை விளம்பரங்களில் அழகாகத் தீட்டப்பட்டது. அப்பாரத்தைத் தாங்கியது அப்பெண்ணின் கழுத்து என்பதை விளம்பரத்தைப் பார்த்தவருள் எண்ணியவர் சிலரே. கொழும்புப் புறக்கோட்டையில் மூடைகளைச் சுமக்கும் நாட்டாமிகளின் நிலையும் அத்தகையதே. 1967ஆம் ஆண்டில் சர்வதேசத் தொழில் அமைப்பு, தொழிலாளியின் உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் ஊறு செய்யக்கூடிய பாரத்தைச் சுமக்கச் செய்யலாகாது என உடன்படிக்கை ஒன்றை ஏற்றுக்கொண்டது. வளர்ந்த ஆணுக்கு 55 கிலோகிராமை உச்ச எல்லையாகக் கொள்ளுமாறு அதனோடு ஒரு பரிந்துரையையும் செய்தது. பங்களாதேசத்தில், தலையிற் பெருஞ்சுமையோடு இடறி விழுவது முண்ணாண் காயங்களுக்கு ஒரு முக்கிய காரணமாக மருத்துவர்களாற் குறிக்கப்பட்டுள்ளது. அந்நாட்டிற் பிரித்தானியப் பெண்மணி வலரி டெயிலர் 1979ஆம் ஆண்டில் நிறுவிய புனர்வாழ்வு நிலையம், அவ்வாறு முடங்கியோர் பலரை மீண்டும் தொழிலுக்கு அனுப்பியுள்ளது.

இனி, கடுங்காயத்தின் தன்மையைப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி முண்ணாண் காயத்தோடு வாழ்வோர் 1 கோடி 50 இலட்சத்துக்கு மேற்பட்டோர். விழுதல், வீதி விபத்து, வன்முறை என்பனவே அதற்குத் தலையாய காரணங்கள். பனையும் தென்னையும் வாழ்வளிக்கும் நாட்டில், தளநார் வழுக்கியோ மட்டை முறிந்தோ விழும் தொழிலாளி முதற்பலியாகின்றான். மாமரத்திலேறிய சிறுவனும், கட்டடச் சாரத்தில் நின்ற மேசனும் அடுத்து நிற்கின்றனர். நண்பர்கள் கைதட்ட, ஆழமறியாத குளத்தில் தலைகீழாகப் பாயும் இளைஞனையும் இவ்வரிசையிற் சேர்த்தல் வேண்டும். பாயும் வேகத்தில் உச்சந்தலை தரையில் மோத, உடலின் எடை முழுவதும் கழுத்தின்மேல் வருகின்றது. தோழர் முன் வீரங்காட்டும் ஆசையே அவன் கழுத்தை முறிக்கின்றது. ஆழத்தை அளந்து பார்க்காத நீரிற் காலை முன்வைத்தே இறங்குதல் வேண்டும் என்பது பிள்ளைகளுக்கு நீச்சலுக்கு முன்னரே கற்பிக்கத்தக்க பாடமாகும்.

விழுந்தவனைச் சுற்றி நிகழ்வது என்ன? அயலார் ஓடி வருகின்றனர். ஒருவர் தலையைத் தூக்கி மடியில் வைக்கின்றார். இன்னொருவர் வாயில் தண்ணீர் வார்க்கின்றார். எழுப்பி இருத்திப் பார்ப்போம் என்கின்றார் மூன்றாமவர். பின்னர் இருவர் அக்குளிலும் இருவர் காலிலும் பிடித்துத் தூக்க, நடுவுடல் தொட்டில்போல் வளைந்து தொங்குகின்றது. முச்சக்கர வண்டியின் பின்னிருக்கையில் அவனை மடக்கி ஏற்றுகின்றனர். எல்லாம் 5 நிமிடத்தில் முடிந்துவிடுகின்றது. உதவி செய்தோம் என்ற நிறைவோடு ஊர் கலைகின்றது. ஆனால் முறிந்த என்பு அதுவரை முண்ணாணை வெட்டாமல் இருந்திருக்கலாம். தூக்கியபோது நழுவிய கூரிய விளிம்பு அதனைச் சிதைத்திருக்கலாம். மரத்திலிருந்து விழுந்தபோது காலை அசைக்கக் கூடியவனாக இருந்தவன், வைத்தியசாலை வாயிலை அடையும்போது அசைக்க இயலாதவனாகிவிடுதல் கூடும்.

செய்யத்தக்கது யாது? உயரத்திலிருந்து விழுந்தவனையும், வேகமான வாகனத்தில் மோதுண்டவனையும், தலைகீழாக நீரிற் பாய்ந்து மயங்கியவனையும் முள்ளந்தண்டு முறிந்தவனாகவே கருதுதல் வேண்டும். தீ, வெள்ளம், ஓடும் வாகனம் முதலிய உடனடி ஆபத்து இல்லையாயின் அவனைக் கிடந்த இடத்திலேயே கிடக்க விடுதல் வேண்டும். ஒருவர் தலைமாட்டில் முழந்தாளிட்டு, இரு கைகளாலும் தலையின் இரு பக்கத்தையும் அசையாது பிடித்துக்கொள்ளலாம். எழும்ப முயலாதே என்று அமைதியாகச் சொல்லிக்கொண்டிருத்தல் நன்று. உணவோ நீரோ கொடுத்தலாகாது. மோட்டார் சைக்கிளோட்டியின் தலைக்கவசத்தை, மூச்சுக்கு இடையூறு இருந்தாலன்றிக் கழற்றுதல் கூடாது. இலங்கையில் 2016இல் இரண்டு மாகாணங்களில் ஆரம்பிக்கப்பட்டுப் பின்னர் நாடெங்கும் விரிவாக்கப்பட்ட இலவச அம்புலன்சு சேவையை 1990 என்னும் இலக்கத்தில் அழைக்கலாம். நகர்த்தாமல் முடியாதென்றால், பலர் சேர்ந்து, தலையும் கழுத்தும் உடலும் ஒரு மரக்குற்றிபோல் ஒருங்கே திரும்புமாறு செய்து, தட்டையான பலகையிலோ கதவிலோ கிடத்துதல் வேண்டும். மூச்சு நின்றுவிட்டால் மட்டும் இவ்வொழுங்கு மாறும். அப்பொழுது மூச்சுக்கே முதலிடம்.

இத்தகைய காயத்தைப் பற்றி மனிதன் பண்டைக்காலந்தொட்டே அறிந்திருக்கின்றான். 1862ஆம் ஆண்டில் எகிப்தின் லக்சர் நகரில் எட்வின் ஸ்மித் என்னும் அமெரிக்கர் வாங்கிய பப்பைரசுச் சுருள், கி.மு. 1600 அளவில் எழுதப்பெற்றது. அதில் 48 நோயாளிகளின் நிலை கூறப்படுகின்றது. கழுத்தென்பு விலகியதனாற் கை கால்களில் உணர்விழந்து, சிறுநீரை அடக்கமாட்டாதவனாகக் கிடப்பவன் நிலையைத் துல்லியமாகக் கூறிய அவ்வைத்தியன், இது வைத்தியம் செய்யத்தக்கதன்று என்று முடித்துவிட்டான். அம்முடிவு ஏறத்தாழ 3,500 ஆண்டுகள் நிலைத்தது. முதலாம் உலகப் போரில் முண்ணாண் சிதைந்த வீரருட் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் விரைவில் மாண்டனர்.

அதை மாற்றியவர் லூட்விக் குட்மான். நாசிகளின் கொடுமைக்குத் தப்பி 1939ஆம் ஆண்டில் ஜேர்மனியை விட்டு இங்கிலாந்துக்கு வந்த யூத மருத்துவர் அவர். 1944ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில் முண்ணாண் காயமுற்றோர்க்கான பிரிவை ஆரம்பித்தார். அவர் கையாண்ட முறையில் மந்திரமொன்றுமில்லை. படுத்திருப்போரை இரண்டு மணிக்கு ஒருமுறை இரவும் பகலும் புரட்டிவிடச் செய்தார். புண் வராது காத்தார். அதன் பின் வேலையும் விளையாட்டும் கொடுத்தார். 1948ஆம் ஆண்டு யூலை 29ஆம் நாள், இலண்டன் ஒலிம்பிக் விழா ஆரம்பமான அன்றே, சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேர் அவ்வைத்தியசாலைப் புற்றரையில் வில்லேந்திப் போட்டியிட்டனர். 1960இல் உரோமாபுரியில் நடந்த விழாவில் 23 நாடுகளிலிருந்து 400 பேர் கலந்துகொண்டனர். இன்றைய பராலிம்பிக் விழா அவ்வாறு தோன்றியதே. முடங்கியவனை மூலையிற் கிடத்தி இரங்குவது அன்பாகாது என்பதை அவர் உலகுக்குக் காட்டினார்.

இனி இரண்டாவது பிழைக்கு வருவோம். உலகில் 2020ஆம் ஆண்டில் நாரி வலியால் வருந்தியோர் 61 கோடி 90 இலட்சம் பேர் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அவருட் பெரும்பாலோர்க்கு என்பு முறிவோ முண்ணாண் சிதைவோ இல்லை. அவ்வலி பெரும்பாலும் தானே தணிவது. ஆயினும் வீட்டில் ஒருவர் இடுப்பைப் பிடித்தவுடன், பாயை விரித்துப் படுக்க வைப்பதும், அசையாதே என்று அதட்டுவதும், உறவினர் வந்து தத்தம் ஊரில் முடங்கிப்போனவர் கதையைச் சொல்வதும் வழக்கம். மருத்துவரும் நெடுங்காலம் கிழமைக்கணக்கிற் படுக்கையையே விதித்து வந்தனர்.

1995ஆம் ஆண்டில் பின்லாந்தில் ஒரு சோதனை நடைபெற்றது. திடீரென நாரி வலி கண்ட ஹெல்சிங்கி நகர ஊழியர் 186 பேரை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் இரண்டு நாள் படுக்கையிற் கிடந்தனர். ஒரு பிரிவினர் முதுகுப் பயிற்சி செய்தனர். மற்றையோர் வலி இடங்கொடுத்த அளவில் அன்றாட அலுவல்களைத் தொடர்ந்தனர். இம்மூன்றாம் பிரிவினரே விரைவிற் குணமடைந்தனர். படுத்திருந்தவர்களே மிகவும் தாமதமாகத் தேறினர்.

இவ்வுண்மையை மக்களுக்கு எவ்வாறு சேர்ப்பது? ஒஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1997 முதல் 1999 வரை அதனைத் தொலைக்காட்சி வாயிலாகச் செய்தது. நாரி வலி வந்தாற் படுத்துவிடாதீர், நடமாடுங்கள், வேலையை இயன்றவரை தொடருங்கள் என்று மருத்துவரும் விளையாட்டு வீரரும் திரையில் தோன்றி எடுத்துரைத்தனர். அயல் மாநிலத்தோடு ஒப்பிட்டபோது, விக்டோரியா மக்களின் எண்ணமும் மருத்துவரின் எண்ணமும் மாறியிருந்தன. முதுகு வலிக்கான நட்டஈட்டுக் கோரிக்கைகளும் குறைந்தன. ஒலி, ஒளிபரப்பிற் சொல்லப்படும் ஒரு சொல் மருந்தின் வேலையைச் செய்யக்கூடும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாகும்.

எண்ணத்துக்கும் வலிக்கும் உள்ள தொடர்பை 1996ஆம் ஆண்டில் லித்துவேனியாவிலிருந்து வந்த ஓர் ஆய்வும் எழுப்பியது. பின்னாலிருந்து மோதுண்ட மோட்டார் வண்டிகளில் இருந்த 202 பேரை, விபத்து நடந்து ஓராண்டு முதல் மூன்றாண்டுகளுக்குப் பின் விசாரித்தனர். மேனாடுகளில் இத்தகையோர் பலர் ஆண்டுக்கணக்காகக் கழுத்து வலியால் வருந்துவதாகக் கூறுவர். நட்டஈட்டு வழக்கமும், கழுத்து வலி நீடிக்கும் என்ற எதிர்பார்ப்பும் அரிதாயிருந்த லித்துவேனியாவிலோ, விபத்துக்குட்பட்டோர்க்கும் உட்படாதோர்க்கும் நீடித்த வலியிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அவ்வாய்வு சிறிது என்றும், மோதுண்டோர் பலர் காயமே அடையாதவர் என்றும் எதிர்த்தோர் உண்டு. வலியெல்லாம் பொய் என்பது இதன் பொருளன்று. வலி உண்மையானதே, அது எத்துணை நாள் நிலைக்கும் என்பதில் அச்சத்துக்கும் எதிர்பார்ப்புக்கும் சூழ்ந்திருப்போர் பேச்சுக்கும் பங்குண்டு என்பதே கொள்ளத்தக்கது.

எல்லா முதுகு வலியையும் அலட்சியம் செய்யலாம் என்று எவரும் கொள்ளுதல் கூடாது. கால்கள் வலிமை குன்றுதல், தொடையிடுக்கிலும் ஆசனப் பகுதியிலும் மரத்துப்போதல், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போதல் அல்லது அடைத்தல் ஆகிய குறிகளுள் ஒன்று தோன்றினும் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். காய்ச்சலோடு வரும் வலி, காரணமின்றி உடல் மெலிவோடு வரும் வலி, முன்னர் புற்றுநோய் கண்டவர்க்கு வரும் வலி, முதியோர் விழுந்த பின் வரும் வலி ஆகியனவும் மருத்துவர் பார்வைக்குரியன.

இவ்விரு பிழைகளையும் நீக்குவதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. கிராமமொன்றில் 10 பேராவது, விழுந்தவனை எவ்வாறு பிடிப்பது, எவ்வாறு தூக்குவது என்பதைச் செய்து பழகியிருந்தாற் போதும். சனசமூக நிலையத்தில் ஒரு மாலைப்பொழுதில் அதனைப் பயிலலாம். பாடசாலைச் சாரணருக்கும் செஞ்சிலுவைத் தொண்டருக்கும் அது முன்னரே தெரிந்த பாடம். வீட்டில், நாரி வலியோடு படுத்திருக்கும் தந்தையை, ஆபத்தான குறிகள் இல்லை என்று கண்ட பின், கைபிடித்து முற்றத்துக்கு அழைத்துச் செல்வதும் அவ்வளவே எளிது. பனையடியில் விழுந்து கிடப்பவனைத் தொடாதே என்று முதலிற் சொல்லும் ஒருவர், அன்று அவனுடைய இரு கால்களையும் அவனுக்கு மீட்டுக் கொடுத்தவராகலாம்.